கோனுக்குள் நீ எழுதியது

என் செல்ல நாத்தனார் கோமதிக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியவள் இல்லை நான். ஒரே தெரு, ஒரே மில். என்னத்தை எழுத? போன வாரம் உன் மகள் தேவி ஒன்று கேட்டாள். அதுதான் இப்போது எழுத வைக்கிறது.

"அத்தை, அம்மா நூல் கோனுக்குள்ள எழுதுமாமே. ஒண்ணாவது வச்சிருக்கீங்களா?"

தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அத்தனையையும் அழித்தவள் நான்தான் என்று எந்த வாயால் சொல்ல?

எண்பத்தைந்து வாக்கில் நாம் ராஜபாளையத்து மில்லில் சேர்ந்தோம். காகிதக் கோனில் நூல் சுற்றும் மிஷின் உனக்கு. சுற்றி வந்த கோனுக்குள் லேபிள் ஒட்டிப் பெட்டியில் அடுக்கும் மேஜை எனக்கு. என் முதுகுக்குப் பின்னால் மலையைப் பார்த்த மேற்கு ஜன்னல். நீ வெறுங்கோனை மிஷினில் மாட்டுமுன் உட்பக்கம் பென்சிலால் எதையாவது எழுதிவிடுவாய். மலையில் பார்த்தது, நூலகத்துப் புத்தகத்தில் படித்தது என்று ஏதேதோ. சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் இரண்டு பேர் வேலைக்கும் உலை வைத்துவிடுவார். அதனால் மேஜையிலேயே ரப்பர் வைத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்துத் தள்ளினேன். ஒன்றையும் படித்ததில்லை கோமதி. பொழைக்க வந்த இடத்தில் என்ன எழுத்து வேண்டிக்கிடக்கிறது என்று உன்னைத் திட்டத்தான் செய்தேன். நீ சிரிப்பாய்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காலை ஷிப்ட் பஸ் ஏறினால் உனக்கு வலப்பக்க ஜன்னல். திரும்பும்போது இடப்பக்கம். மலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நீ. முழங்கையால் இடித்து இடித்துக் காட்டுவாய், நான் தூங்கி வழிவேன். நாலு மணிக்கு எழுந்து பத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவளுக்கு மலை என்ன மலை?

செண்பகத்தோப்புக்குச் சாமி கும்பிடப் போனது நினைவிருக்கிறதா? பொங்கல் பானையை உன்னிடம் ஒப்படைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பானை அடிப்பிடித்துப் புகைகிறது, நீ அண்ணாந்து நிற்கிறாய். மேலே கிளையில் ஒரு சாம்பல் அணில், பூனை அளவுக்கு, நீள வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு எதையோ கொறித்தது. "நம்மளப் பத்தி அதுக்கு ஒரு கவலையும் இல்ல, பாத்தியா மதினி" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. அணிலுக்குப் போய் அழுவாளா ஒருத்தி என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதில் என்னத்தைக் கண்டாய்? இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

மஞ்சள்காமாலை பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செட்டியார்பட்டிக்குப் போனேன். நம் மில் நூல் போகிற தறிக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. காலிக் கோன்களை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிடுவார்களாம். மூலையில் கிடந்த பழைய சாக்குகளைக் காட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார் தறிக்காரர். நம் கோனின் நுனியில் பச்சைச் சாயம் இருக்குமே, அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். மத்தியானம் வரை ஒவ்வொன்றாக உள்ளே பார்த்தேன். வெறும் லேபிள்தான்.

ஒன்றில் மட்டும் ரப்பர் தேய்த்த அழுக்கு இருந்தது. என் கைவேலைதான். தூக்கிப் போடப் போனவள், என்னவோ தோன்றி அதை வாசல் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். பென்சில் போயிருந்தது, நீ அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"மதினி, அழிக்கிறதுக்கு முன்னால செத்த நேரம் திரும்பி ஜன்னலப் பாரு. மலையில மழ இறங்குது."

அந்தக் கோன் யார் கைக்கு வரும், யார் அதை அழிப்பாள் என்று தெரிந்துதானே எழுதியிருக்கிறாய்? அப்படியானால் மற்றதெல்லாம்? அதுவும் எனக்குத்தானா? இத்தனை வருஷமும் எனக்கா எழுதிக்கொண்டிருந்தாய்? இனி யாரிடம் போய்க் கேட்பேன், கோமதி?

தேவியிடம் கோனைக் கொடுத்து நடந்ததையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு மழ எப்படி இருந்துச்சு அத்தை?" என்று கேட்டாள்.

நான்தான் திரும்பவே இல்லையே.

நாளையிலிருந்து பஸ்ஸில் மலைப் பக்கம் உட்காருவேன். உனக்குத் தோன்றியது எனக்குத் தோன்றாமல் போகலாம். வெறும் கல்லும் மரமுமாகவே தெரிந்தாலும் சரி, தூங்க மாட்டேன். மழை இறங்கினால் இறங்கியது என்று சாயங்காலம் உன் மகளிடம் வந்து சொல்வேன். அவள் எழுதி வைத்துக்கொள்ளட்டும். யாரும் அழிக்க மாட்டோம்.

திரும்பிப் பார்க்கத் தெரியாமல் போன
உன் அண்ணன் பெண்டாட்டி,
மதினி பாக்கியம்