பொய்யாகக் கட்டிய வேப்பிலை

அக்கா,

சின்னவளை முதலாம் வகுப்பில் சேர்க்க ஊசி கார்டு வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அடியில் கிடந்த அந்த ரோஸ் நிறக் கார்டை எடுத்து உதறியதும் காய்ந்த வேப்பிலை ஒன்று மடியில் விழுந்தது. முகர்ந்து பார்த்தால் கசப்பு இன்னும் போகவில்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் உங்கள் ஞாபகம் வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "கார்டு கெடச்சதுக்கா அழுவுறீங்க?" என்று சின்னவள் கேட்டாள். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு அம்மை போட்டிருக்கிறதென்று நான் தோட்டத்து லயத்தின் பத்து வீடுகளையும் ஏமாற்றிய கதை அவளுக்கு எங்கே தெரியும்!

பெரியவன் பேசாத பிள்ளை. மூன்று வயதில் பெரியாஸ்பத்திரி டாக்டர் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் அல்லாடினேன். அப்போதுதான் கொழும்பில் வேலை செய்யும் என் சித்தி மகள் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை அனுப்பினாள். யாரோ ஓர் ஆள், பஸ்ஸில் கடலை விற்கிறவர் மாதிரி மூச்சு விடாமல் கத்தினார். ஒன்பதாம் மாதம் போடுகிற அம்மைத் தடுப்பூசியால்தான் இந்த ஆட்டிசமெல்லாம் வருகிறதாம், பத்துப் பேருக்காவது அனுப்ப வேண்டுமாம். நான் இருபது பேருக்கு அனுப்பினேன். பெரியவனுக்கு அந்த ஊசியைப் போட, கொட்டுகிற மழையில் குடை பிடித்துத் தூக்கிப்போனவள் நான்தானே. என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவளுக்கு அதைப் போட விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

முதலில் உங்களிடம்தான் சொன்னேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்தில், இரண்டு குழந்தைகளை இரண்டு காலிலும் போட்டு ஆட்டிக்கொண்டு, மூன்றாவதற்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். மடுவத்துக்கு ஏதோ நிலையம் என்று புதுப் போர்டு மாட்டியிருந்தார்கள். அதை நீங்கள் ஒருநாளும் படித்ததில்லை.

"இந்த மடுவத்துல வளந்ததுக அத்தனையும் ஊசி போட்டதுகதான் புள்ள. எல்லாம் இப்ப வாய் ஓயாம பேசி என் உயிர வாங்குதுக. ஒண்ணு ரெண்டாச்சும் பேசாம இருந்தா எனக்கு நிம்மதி" என்றீர்கள்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது உங்களுக்கு. நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். நான் விடுவிடென்று எழுந்து வந்துவிட்டேன்.

கிளினிக்குக்குப் போகாவிட்டால் மிட்வைஃப் மிஸ்ஸி வீடு தேடி வந்துவிடுவார். சிங்கள மனுஷி, ஆனால் நம்மைவிட நன்றாகத் தமிழில் ஏசுவார். அவரை வாசலிலேயே நிறுத்த என்ன வழி? அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் கால் வைக்கமாட்டார்கள் அல்லவா! கோயில் வாசலில் நிற்கும் அந்த ஒற்றை வேப்பமரத்தில், நம் தெரணியகலை மழையில் நனைந்து நனைந்து எலும்பும் தோலுமாய் நிற்குமே, அதில் ஒரு கொப்பை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினேன். அம்மை ஊசிக்குத் தப்ப அம்மையையே கூப்பிட்ட ஒரே கெட்டிக்காரி இந்த மாவட்டத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அதோடு லயமே அடங்கிவிடும் என்று நான் யோசிக்கவில்லை. அம்மா வந்திருக்கிறாள் என்றதும் பத்துக் காம்பராவிலும் தாளிப்பு நின்றது. கருவாடு வாசம் நின்றது. கோடிக் காம்பரா பெரியசாமி அண்ணன், மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஆசையாய் வளர்த்த சேவலை அடிக்க முடியாமல், அதைக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நின்று கேட்டார்: "தங்கச்சி, அம்மா எப்ப எறங்குவா?" சேவலும் என்னையே பார்த்தது. என் வீட்டுக்காரர் சவரம் செய்யக்கூடாதென்று நாலு பேர் சொல்லி, மனிதர் தாடியைச் சொறிந்துகொண்டு என்னை முறைத்தார். அவருக்கு விஷயம் தெரியும். வாயைத் திறந்தால் அவர் மானமும்தானே போகும்!

மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். வேப்பிலையை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு நேரே உள்ளே வந்தீர்கள். சின்னவள் பாயில் உட்கார்ந்து மாரி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா பிஸ்கட்டெல்லாம் தின்னுறாளா?" என்றீர்கள்.

பிஸ்கட் பாக்கெட்டைப் பாய்க்கு அடியில் தள்ளினேன். நீங்கள் சேலைக்குள்ளிருந்து மடுவத்துப் பழைய கொப்பி ஒன்றை எடுத்தீர்கள். பிள்ளைகளின் வரவை மட்டும் எழுதக் கொடுத்த கொப்பி அது. நீங்கள் அதில் யாருக்குப் பல் முளைத்தது, யார் யாரைக் கடித்தது, எந்தத் தாய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள் என்று எல்லாவற்றையும் எழுதுவீர்கள். என் பெயர் இருந்த ஒரு பக்கத்தை விரித்து, "படி" என்றீர்கள்.

'சுகந்தி மகனுக்கு ஏழு மாசம். பேர் சொல்லி எத்தனை வாட்டி கூப்பிட்டாலும் திரும்பல. தகரத்துல மழை விழுந்தா மட்டும் மேல பாத்துச் சிரிக்குது. மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது.'

இன்னும் நாலைந்து நாள் பக்கங்களிலும் அதே மாதிரி எழுதியிருந்தீர்கள். எல்லாம் ஊசிக்கு முன்னால். ஊசி போட்ட நாள் அதற்கு ஆறு பக்கம் தள்ளி இருந்தது.

கொப்பியை விட்டெறிந்தேன். "அப்பவே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா இத்தன வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"சொல்ல நெனச்சேன். நீ அவனப் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போயி நிப்ப. சொல்லியிருந்தா என் மூஞ்சியில முழிச்சிருப்பியா?" கொப்பியைப் பொறுக்கி எடுத்தீர்கள். "அது என் தப்புத்தான். அதுக்குப் பாப்பாவத் தண்டிக்காத. ஊசியும் ஒண்ணும் பண்ணல, நீயும் ஒண்ணும் பண்ணலடி."

நீயும் ஒன்றும் பண்ணவில்லை. அந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு காலம் ஏங்கிக்கிடந்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. உங்கள் மடியில் விழுந்து அழுதேன். கோபம் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அழுதுகொண்டே உங்கள் தோளில் இரண்டு குத்தும் குத்தினேன்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஆள் சத்தம். தோட்டத்தில் அம்மை பரவுகிறது என்று கேள்விப்பட்டு, மிட்வைஃப் மிஸ்ஸி சுகாதாரப் பரிசோதகர் ஐயாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு ஆளுக்குத் தப்பப் பார்த்து இரண்டு ஆள். பின்னால் பூசாரி, உடுக்கையோடு. அதற்கும் பின்னால் பெரியசாமி அண்ணன், சேவலோடு.

நீங்கள் அசரவில்லை. ஒரு சொம்பு தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, சின்னவள் தலையில் ஊற்றி, ஈரம் சொட்டச் சொட்ட இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றீர்கள். "அம்மா எறங்கிட்டா!"

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாலும் சந்தேகப்பட்டார். "மூணு நாள்ல எறங்கினத நான் பாத்ததே இல்லையே?"

"அவளுக்கும் போக வேண்டிய வீடு நெறைய இருக்குல்ல சாமி" என்றீர்கள்.

மிஸ்ஸி குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுளம்பு கடித்த தடம் இரண்டு, வாயோரம் பிஸ்கட். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரம்பவுக்கு பிஸ்கட் மருந்தா?" என்று மெதுவாகக் கேட்டார். சிங்களத்தில் அம்மையைச் சொன்னாலும் எனக்கு உடம்பு கூசியது. நான் தலையைக் குனிந்துகொண்டு குரல் பதிவைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஏசுவார் என்று பார்த்தால் ஏசவில்லை. "அந்த வயசிலதான் ஊசி. அந்த வயசுக்குத்தான் இதுவும் வெளிய தெரிய வரும். அதனால ஒண்ணால ஒண்ணு வந்த மாதிரி இருக்கும் மகள். டாக்டர்மார் எத்தனையோ நாட்டுல தேடிப் பாத்தாச்சு, சம்பந்தம் இல்ல" என்றார். அடுத்த கிளினிக்கில் சின்னவளுக்கு ஊசி போட்டோம். அவள் அழவில்லை, நான் அழுதேன். அம்மா இறங்கிய அன்றைக்கே பெரியசாமி அண்ணன் வீட்டுக் கோழிக்குழம்பு லயம் முழுக்க மணத்தது. வாசல் நிலையில் செருகியிருந்த கொப்பிலிருந்து ஓர் இலையைக் கார்டுக்குள் வைத்தவர் நீங்கள்தான். "மறுபடியும் கிறுக்குப் புடிச்சா மோந்து பாரு" என்றீர்கள்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் உயிரோடு திரும்பி வரவில்லை. பெரியவனை உங்களிடம் கடைசியாகக் கூட்டி வந்தபோது அவன் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் உங்கள் சேலை முந்தானையை விரலில் சுற்றி வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். நான்தான் பிரித்து எடுத்தேன்.

உங்கள் இடத்தில் இப்போது நான். அதே மடுவம், புதுக் கொப்பி. நானும் கண்டதையெல்லாம் எழுதுகிறேன். நேற்று ஒன்று எழுதினேன்: கௌரி மகனுக்கு எட்டு மாதம், கூப்பிட்டால் திரும்பவில்லை. எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பிள்ளைகளை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு, கௌரி கொழுந்து பறிக்கும் மலைக்கே ஏறிப்போனேன். என்ன பார்த்தேன் என்று சொன்னேன். மிஸ்ஸியிடம் சீக்கிரம் காட்டலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். நீ ஒன்றும் பண்ணவில்லை என்பதையும் சொன்னேன். "ஒங்க புள்ளை மாதிரியே எல்லாப் புள்ளையும் இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். நான் மலையை விட்டு இறங்கி வந்தேன்.

நீங்கள் பயந்தது சரிதான் அக்கா. இன்றைக்குக் காலையில் கௌரி என் மூஞ்சியில் முழிக்கவில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டே பிள்ளையை நீட்டினாள். ஆனால் கிளினிக் கார்டையும் சேர்த்து என் கையில்தான் கொடுத்தாள்.