நிலத்தால் வரும் அலை

குருநகர்
12.3.1992

அன்பின் அத்தானுக்கு,

ஆய்வுகூடத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமிக்குள் பார்ப்பதுபோல, ஸ்கான் கருவியின் ஒலியால் மண்டையோட்டுக்குள்ளும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். கல்லுக்குள்ளும் எலும்புக்குள்ளும் அலை வளைந்துதான் போகும் என்ற இடம் விளங்கியது. மிச்சத்துக்கு ஒரு படம் கீறி அனுப்பியிருக்கலாம்.

மகனுக்கு எட்டு மாதம். குண்டு விழும்போது அயல் பிள்ளைகள் வீரிட்டு அழ, இவன் வளையில் தொங்கும் சேலை ஏணைக்குள் நல்ல நித்திரை. "உவன் தேப்பனைப் போல, பயமறியாதவன்" என்று மாமி எல்லாரிடமும் சொல்லித் திரிகிறா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன கிழமை ஏணைச் சேலையைத் தோய்த்துக் காயப் போட்டிருந்ததால், அவனைத் தரையில் பாய் விரித்துக் கிடத்தினேன். குண்டு தூரத்தில்தான் விழுந்தது. தரை அதிர்ந்ததும் துடித்து எழும்பிக் கத்தினான்.

மறுநாள் ஏணையில் நித்திரையானதும், காதடியில் சட்டியைத் தட்டிப் பார்த்தேன். அவன் அசையவில்லை.

மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. உங்கள் கருவி காதுக்குள்ளும் பார்க்குமா?

நீங்கள் வரும் நாளில் வாசலில் நின்று அவனைக் கூப்பிட வேண்டாம். உள்ளே வந்து, காலால் தரையைத் தட்டுங்கள். திரும்பிப் பார்ப்பான்.

மகனோடு காத்திருக்கும்
உங்கள் மனைவி