மாப்ளே, நீ தளர்த்தி வைத்த பிரேக்

என் அருமை மாப்ளே சவரிமுத்து,

துரோகி என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அருமை மாப்ளே என்று வந்துவிட்டது. கைப்பழக்கம்.

நீ போன பிறகு ராஜபாளையத்தில் சேதிக்குப் பஞ்சமில்லை. நம் தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வந்திருக்கிறது. வரிசையில் செத்த நேரம் நின்றால் போதும், நாலு குடும்பத்து ரகசியம் காதில் விழும். நான் தினமும் நிற்கிறேன். யாருக்கும் போன் போடுவதில்லை. இப்படி ஊர்க்கதை அத்தனையும் தெரிந்த எனக்கு, என் சொந்தக் காரின் கதை மட்டும் போன வாரம்தான் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடை நினைவிருக்கிறதா? நான் புதிதாக வாங்கிய பழைய மோரிஸ் மைனர். பக்கத்தில் நீ, பின்னால் என் கோமதியும் உன் ரெஜினாவும். தளவாய்புரத்துச் சம்பந்தம் முறிந்த கதையில் முக்கியமான கட்டம். பின்னால் திரும்பிச் சொல்லாவிட்டால் ருசிக்காது. சொல்லி முடிப்பதற்குள் கடை பெஞ்சும் காலிப் பால் கேன்களும் நடுரோட்டில் உருண்டன. நான் வாய் திறக்கும் முன்னே நீ இறங்கிப் போனாய்.

"பிரேக் பிடிக்கல அண்ணாச்சி. பழைய வண்டி. ஓட்டுனவுக மேல தப்பில்ல."

அன்று உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. எனக்கே தெரியாத விஷயத்தை எவ்வளவு தெளிவாகச் சொன்னாய்!

அதன் பிறகு நீ செய்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். சக்கரங்களைக் கழற்றி, வட்டம் கோணியிருந்த டிரம்களை உன் பட்டறை லேத்தில் கடைந்தாய். மதுரைக்குப் போய்ப் புது லைனிங் அடித்து வந்தாய். ஆயில் கசிந்த சிலிண்டர்களுக்கு ரப்பர் மாற்றினாய். இத்தனைக்கும் பிறகு என் கால் பட்டால் பெடல் சேற்றில் வைத்தது மாதிரி அடிவரை போனது.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து வருவாய். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். நான் சீட்டில், நீ வண்டிக்கு அடியில். "மிதி மச்சான்... பிடி... விடு." பிரேக் பைப்பில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறோமாம். கடைசியில் தலையை மட்டும் நீட்டி, "இன்னும் கொஞ்சம் காத்து இருக்கு மச்சான், அடுத்த வாரம் பாப்போம்" என்பாய். அதுவரை பிளவக்கல் அணைக்குப் போனாலும் நீதான் ஓட்டினாய், நான் பின் சீட்டில். ரெண்டு தரம் மிதித்தால் பிடிக்குமாம், அந்தப் பக்குவம் உனக்குத்தான் தெரியுமாம்.

போன வாரம் ரெஜினாவைப் பார்க்கப் போயிருந்தோம். பிரேக்கைச் சரிபண்ண ஆள் இல்லை, காரை விற்றுவிடப் போகிறேன் என்றேன். அவள் கோமதியைப் பார்த்தாள்.

"விக்காதீக அண்ணே. அதுல ஒரு கொறையும் இல்ல. அவிய பூசை முடிஞ்சு வந்ததும் மொத சோலியா டிரம்முல பிரேக்க இறுக்குற ஸ்க்ரூவைத் தளத்தி விட்ருவாவ. பொறவுதான் ஒங்களை மிதிக்கக் கூப்பிடுவாவ."

நான் கோமதி பக்கம் திரும்பினேன்.

"என்னைய என்ன பாக்கீக? நான்தான் சவரிமுத்து அண்ணன்ட்ட அப்படிச் செய்யச் சொன்னேன். ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு பின்னால திரும்பிக் கதை சொல்ற ஆளை நம்பிப் பிள்ளைகளை ஏத்த முடியுமா?"

பூசை முடித்த கையோடு இந்த வேலையா மாப்ளே? பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னாயா? உங்கள் சாமியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏன் சிரிக்கிறார் என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இதையெல்லாம் கூடச் சிரித்துத் தள்ளிவிடுவேன். அந்தக் கடைசி நாளை என்ன செய்வது? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாய். மோரிஸைக் கிளப்பிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். "வேண்டாம் மச்சான், பிரேக் சரியில்ல. டாக்சி சொல்லு" என்றாய். டாக்சி வரும்வரை உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அந்தத் தாமதத்தால் எதுவும் மாறியிருக்காது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அது இல்லை என் கேள்வி. ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து நாலு முடுக்கு முடுக்கச் சொல்லியிருந்தால் நான் செய்திருக்க மாட்டேனா? உயிர் போகிற நேரத்திலும் என் கை மேல் அவ்வளவு பயமா உனக்கு?

நேற்று உன் தம்பியைக் கூட்டி வந்து ஸ்க்ரூக்களை முடுக்கினேன். தெருமுனையில் மிதித்தேன். கல் மாதிரி நின்றது பெடல். வண்டியும் நின்றது, நின்ற இடத்தில், ஒரு பக்கமும் இழுக்காமல். எவ்வளவு நல்ல வேலை செய்து என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறாய்! இறங்க மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கல்லறைத் திருநாள் வருகிறது. கோமதியையும் ரெஜினாவையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டி வருவேன். வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பூத்தில் கேட்ட சேதி நாக்கு நுனியில் நின்றாலும் திரும்ப மாட்டேன். சத்தியம். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்துவேன். அதுவரை நீ உள்ளே படுத்துக்கொண்டு பயந்து சாவு.

நின்ற பிறகு, உன் பக்கம் திரும்பி உட்கார்ந்து அந்தத் தளவாய்புரத்துக் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன். நீ இன்னும் முழுசாகக் கேட்கவில்லை.

இத்தனை காலம் பின் சீட்டிலேயே உட்காரவைக்கப்பட்ட,
உன் மச்சான்
சுந்தரம்