அரிசிப் போர்வை

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை

மருமகன் செத்து இரண்டு மாதமாகியும் என் மகள் வாசுகிக்குத் தூக்கம் இல்லை. உடம்பில் பாரம் இருந்தால் தூக்கம் வருமென்று பேத்தி போனில் ஒரு போர்வையைக் காட்டினாள்.

"உள்ளுக்குக் கண்ணாடி மணி போடவேணும், அம்மம்மா. கடையில கேட்டுப் பாப்பம்."

"வீட்டில அரிசி இருக்கேக்க கடை என்னத்துக்கு?" என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் தையலில் கோணல் வராது. பழைய வெள்ளை விரிப்பில் சின்னச் சின்னப் பைகள் தைத்து, ஏழு கிலோ சம்பாவை நிரப்பினேன்.

இன்று மத்தியானம் வாசுகியைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டேன். அவள் தடவிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள என்னம்மா?"

"அரிசி, பிள்ளை."

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அவருக்கு வாய்க்கரிசி போட்ட கை இன்னும் கூசுது. என்னையும் வெள்ளைத் துணியும் அரிசியும் போட்டு மூடுறியளோ?"

போர்வையை அவள் மேலிருந்து எடுத்தேன். வெள்ளவத்தைக் கடைகளில் மணி கேட்டிருக்கலாம். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன் என்ற என் வீம்பு.

போர்வையை மடித்தபோது அரிசி சரசரத்தது. அந்தச் சத்தம் அவளுக்கு எதை நினைவூட்டுமென்று தைக்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்போது தையலைப் பிரிக்கிறேன். இந்த அரிசியை உலையில் போடவும் கை வரவில்லை. வாசுகியின் அறையில் விளக்கு இன்னும் எரிகிறது.