தென்றலுக்குப் போட்ட மாலை

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

காலை ஷிப்ட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு வேனிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். சரோஜா அக்கா போன் செய்தாள். அவள் மகள் தென்றல், ஒரகடத்தில் செல்போன் கம்பெனி லைனில் நிற்கிறவள், லீவு நாளில் மயிலாப்பூர் போய் நாடகம் பழகுகிறாளாம். ஞாயிறு முதல் மேடை. "புருசு, நீ போய்ப் பாத்துட்டு வா. எடம் மரியாதையா இருந்தா நடிக்கட்டும். இல்லன்னா இதோட நிறுத்திடுவேன்."

என்னை விட்டால் யாரை அனுப்புவாள்? மெட்ராஸில் எந்த சபாவில் யார் கச்சேரி, எங்கே நாடகம், எந்த கேண்டீனில் காபி — எல்லாம் அத்துப்படி. பதினைந்து மார்கழி வண்டி ஓட்டியவன். வித்வான்கள் "எப்படி இருந்தது?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறுவார்கள். உள்ளே போனதில்லை. வாசலிலேயே நன்றாகக் கேட்கும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

வாலாஜாபாத்தில் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போனேன். சபா இல்லை, ஒரு மாடி. நானூறு நாற்காலி இருக்கும். திரை கிடையாது. மூலையில் ஒருவர் பறை அடித்தார், அவ்வளவுதான் சங்கீதம்.

தென்றல் தரையில் படுத்திருந்தாள். படுத்தேதான் இருந்தாள். அவள் தூங்குகிறாளா, செத்துவிட்டாளா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம். எப்போது எழுந்து வசனம் பேசுவாள்?

எங்கள் பென்னலூர் கூத்தில், முதல் வேஷம் கட்டுகிற பிள்ளைக்குத் தாய்மாமன் ஆட்டத்தின் நடுவிலேயே போய் மாலை போடுவான். அவன் பெயரைச் சொல்லிப் பாடுவார்கள். போனேன். போட்டேன். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. விளக்கு அணைந்தது. பிறகு கை தட்டினார்கள்.

நல்லதுதானே?

10 பிப்ரவரி

காலையில் தென்றல் வழக்கம்போல ஷிப்ட்டுக்கு என் வேனில் ஏறி என் பின்னால் உட்கார்ந்தாள்.

"தூங்குறாளா செத்துட்டாளான்னு கடைசி வரைக்கும் தெரியக்கூடாது மாமா. அதான் நாடகமே. நீ வந்து மாலையப் போட்டு என்னைச் சாவடிச்சிட்ட."

அவளோடு வேலை செய்யும் கலைமணி, "தாய்மாமன் சீர் இதான் போல" என்றாள். வேனே சிரித்தது. தென்றல் சிரிக்கவில்லை. இறங்கும்போது கேட்டாள்: "அம்மாகிட்ட இன்னா சொல்லப்போற?"

எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்: இன்னா சொல்றது? எனக்கே ஒண்ணும் புரியல. படுத்துக்கினு இருக்கிறதுக்கு அம்மாந்தூரம் போவணுமா?

12 பிப்ரவரி

அக்கா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

13 பிப்ரவரி

நேரில் போனேன். அரண்மனை மாதிரி சபா, பக்கத்து சீட்டில் கலெக்டர் என்று ஆரம்பித்தேன். அக்கா 'ம்' கூடக் கொட்டவில்லை. நிறுத்திவிட்டு நடந்ததைச் சொன்னேன். மாலை போட்டபோது ஒரு இதழ் உதிர்ந்து தென்றல் கண்மேல் விழுந்தது. இமை அசையவில்லை. மூச்சும் தெரியவில்லை. அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்க இருந்தேன்.

"நாடகம் புரியலக்கா. ஆனா என்னையே பயமுறுத்திட்டா."

அக்கா எழுந்து காலண்டர் பக்கம் போனாள். பிறகு, "அடுத்த ஆட்டம் எப்ப?" என்றாள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

ஆட்டம் முடியும்வரை அக்கா என் மணிக்கட்டை விடவில்லை. எண்ணிப் பார்த்தேன், நாற்பது நாற்காலிதான்.

தூங்கினாளா, செத்தாளா — இன்னும் தெரியவில்லை. திரும்பும்போது அக்காவும் அதையேதான் கேட்டாள். தென்றல் சொல்லவில்லை. இந்தத் தடவை மாலையை வேனிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அதை அவளே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.