முடி ஒதுக்கி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்டுவிட்டு, நாங்களும் நலம் என்று எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இங்கே நலமில்லை. போர்வைக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் விழித்திருக்கிறாள். அவள் நாற்காலி நகரும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

உன் முகவரியைக் கண்ணாடி அக்கா கொடுத்தாள். நர்சிங் கல்லூரியில் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தாளே, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டே பேசுவாளே, அவள்தான். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். நீ ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாய் என்றாள். நான் நம்பவில்லை. பிறகு நம்பினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தேன்.

அக்கா, அந்தப் படத்தை அம்மா கல்லூரியில் தன் மாணவிகளுக்கு இன்னும் போட்டுக் காட்டுகிறாள்.

அம்மாவின் புதுப் பாடமுறை இப்போது ரொம்பப் பிரபலம். நான்தான் இன்னும் நோயாளி. மாவும் பசையும் சிவப்புச் சாயமும் குழைத்து என் முழங்காலில் காயம் செய்கிறார்கள். சீழ் வேண்டுமென்றால் கொஞ்சம் மஞ்சள் பெயின்ட். நான் கட்டிலில் படுத்து முனக வேண்டும். ஒரு மாணவி வந்து கட்டுப் போடுவாள், இன்னொருத்தி படம் எடுப்பாள். பிறகு அதைத் திரையில் ஓட்டுவார்கள். எல்லோர் கையிலும் ஒரு சிவப்பு அட்டை. எங்கே தப்பு நடக்கிறதோ அங்கே அட்டையைத் தூக்க வேண்டும். புத்தகத்தைப் படித்துத் தூங்கி வழிந்த பெண்களெல்லாம் இப்போது முதல் வரிசைக்குச் சண்டை போடுகிறார்கள். முறை நல்ல முறைதான். அதை நான் மறுக்கவில்லை. கோபம் அதன் மேல் இல்லை.

ஒவ்வொரு வருடமும் புது மாணவிகள் வந்ததும் முதலில் உன் படம்தான் ஓடுகிறது. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் போடுவாள். நீ கை கழுவுகிறாய், கையுறை போடுகிறாய், இடுக்கியில் பஞ்சை எடுக்கிறாய். அந்த நேரம் பார்த்து என் முடி கண்ணில் விழுகிறது. நீ கையுறை போட்ட கையாலேயே அதை ஒதுக்கிவிடுகிறாய். வீட்டில் சாப்பிடும்போது, படிக்கும்போது, நான் தூங்கும்போதுகூட ஒதுக்குவாயே, அதே மாதிரி. உடனே அறை முழுக்கச் சிவப்பு அட்டை. அம்மா படத்தை அங்கே நிறுத்திவிடுகிறாள். என் நெற்றியில் உன் விரலோடு படம் அப்படியே நிற்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.

அந்தத் தப்புக்கும் உனக்கும் இப்போது ஒரே பெயர்தான். கிருமி நீக்கிய கையால் யாராவது எதையாவது தொட்டுவிட்டால், "ஏய், முடி ஒதுக்கிட்டே!" என்று கத்துகிறார்கள். நேற்று ஒரு புதுப் பெண் என்னிடமே வந்து, "யாரு பாப்பா அந்த முடி ஒதுக்கி? பாஸாச்சா, இல்ல ஓடிப்போச்சா?" என்று கேட்டாள். அது என் அக்கா என்று நான் சொல்லவில்லை. கல்லூரியில் சொல்லக்கூடாது என்று அம்மா உத்தரவு. நீயும் அங்கே அவளை மேடம் என்றுதானே கூப்பிட வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போன இடத்திலும் அந்தப் பெயர் உன் கூடவே வந்தது என்று கண்ணாடி அக்கா சொன்னாள். டாக்டர்கூட "வாம்மா முடி ஒதுக்கி" என்றாராம். ஒருநாள் நோயாளியின் மனைவி, "அந்தப் பொண்ணு வேணாம், வேற நர்ஸ அனுப்புங்க" என்றாளாம். அதற்கு மறுநாள்தான் நீ பெட்டியை எடுத்துக்கொண்டு போனாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபமும் இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

முக்கியமானது இதுதான். கண்ணாடி அக்கா என் கையில் ஒரு பென் டிரைவ் கொடுத்தாள். அன்றைக்குப் படம் எடுத்தது அவள்தானாம். அம்மா அணைக்கச் சொன்ன பிறகும் அவள் அணைக்கவில்லை. வேண்டுமென்றே இல்லையாம், பயத்தில் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லையாம். முழுப் படமும் அதில் இருக்கிறது. இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு, "அப்ப மார்க்கு மேடம் கையில இருந்துச்சு குட்டி. இப்ப இல்ல" என்றாள். அவளிடமும் கோபப்பட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றாள்.

பார்த்துவிட்டேன் அக்கா. சத்தத்தோடு பார்த்துவிட்டேன். நீ ஏன் யாரிடமும் சொல்லவில்லை? அட்டைகள் தூக்கிய அன்றே எழுந்து நின்று, மிச்சத்தையும் சொல்லுங்கள் என்று ஏன் கேட்கவில்லை?

வரும் சனிக்கிழமை எல்லா நர்சிங் கல்லூரி ஆசிரியைகளும் கூடும் கருத்தரங்கு. அம்மா மேடையில் இந்த முறையை விளக்கப் போகிறாள். அங்கேயும் உன் படம்தான். அம்மா பேசும்போது லேப்டாப்பை ஓட்டப் போவது நான். என்ன செய்யட்டும் என்று எழுது. கடிதத்தைக் கண்ணாடி அக்கா முகவரிக்கு அனுப்பு.

பயமாக இருக்கிறது. அம்மா அடிக்க மாட்டாள், உனக்குத் தெரியும். பேசாமல் இருப்பாள். அதுதான் பயம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
குட்டி.


அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. நான் காத்திருக்கவும் இல்லை.

பெரிய அரங்கம். குளிர் சாதனம் போட்டு விறைக்க வைத்திருந்தார்கள். அம்மா கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். வாசலிலேயே எல்லோர் கையிலும் ஒரு சிவப்பு அட்டை கொடுத்தார்கள். நான் மேடை ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். கை ஈரமாகி எலி வழுக்கியது. கம்ப்யூட்டர் எலியைத்தான் சொல்கிறேன், சிரிக்காதே.

அம்மா நன்றாகத்தான் பேசினாள். கோபத்திலும் அதைச் சொல்ல வேண்டும். "தப்பு பண்ணாத நர்ஸ நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. தப்ப மறைக்கிற நர்ஸ் இருக்கா பாருங்க, அவதான் ஆள கொல்லுவா" என்றாள். வகுப்பில் தினமும் சொல்வதுதான். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உள்ளே எரிந்தது. அந்த நிமிடம் வரைக்கும் பழைய படத்தைப் போடுவதா, பென் டிரைவைப் போடுவதா என்று எனக்கே தெரியாது. கைதட்டல் சத்தம் கேட்டதும் தெரிந்துவிட்டது.

படம் ஓடியது. நீ கை கழுவினாய், கையுறை போட்டாய், முடியை ஒதுக்கினாய். அரங்கம் முழுக்க அட்டை. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே "நிறுத்து" என்றாள். நான் நிறுத்தவில்லை. சத்தத்தைக் கூட்டினேன்.

முதலில் அம்மாவின் குரல்தான் வந்தது. படத்துக்குள் இருக்கிற அம்மா. "ஆங், தப்பு கிடைச்சிடுச்சு. இது போதும், கேமராவ அணை." அடுத்தது உன் குரல். "அம்மா, முடியைத் தொட்டுட்டேம்மா. மறுபடி முதல்லேருந்து பண்றேன்."

மேடம் என்று சொல்லவில்லை அக்கா, அம்மா என்று சொல்லிவிட்டாய். பதிலுக்கு அவள் செருப்புச் சத்தம் மட்டும் தள்ளித் தள்ளிப் போகிறது.

கண்ணாடி அக்கா கேமராவை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள் போல, படம் சாய்ந்துவிட்டது. கட்டில் காலும் உன் பாதி உடம்பும்தான் தெரிகிறது. பார்க்க யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு நீ கையுறையைக் கழற்றுகிறாய். போய்க் கை கழுவுகிறாய். நிதானமாக விரல் இடுக்கெல்லாம் தேய்க்கிறாய். புதுத் தட்டு, புதுப் பஞ்சு, புதுக் கையுறை. "முடி கண்ணுல குத்துதா குட்டி? கொஞ்சம் பொறுத்துக்கோ, இப்ப தொடக்கூடாது" என்கிறாய். பொய்க் காயத்துக்கு அவ்வளவு பக்குவமாகக் கட்டுப் போடுகிறாய். நான் சிரிப்பது கேட்கிறது. இதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை. அம்மா நிறுத்தும் இடம்தான் ஞாபகம் இருந்தது.

தூக்கிய அட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன் வரிசையில் ஒரு டீச்சர் எழுந்து, "உங்க பொண்ணா மேடம்?" என்று கேட்டார். அம்மா "ஆமா" என்றாள். "நாம சொல்லித் தரவேண்டியது இந்த ரெண்டாவது பாதியைத்தானே. இப்ப எந்த ஆஸ்பத்திரியில இருக்கு பொண்ணு?" என்றார்.

அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள். பிறகு சொன்னாள், "ஆஸ்பத்திரியில இல்ல. துணிக்கடையில பில் போடுறா."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது அக்கா! கடையின் பெயர்கூடத் தெரியுமாக இருக்கும். தெரிந்துகொண்டே வருடா வருடம் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை, பேனா தாளைக் கிழிக்கிறது.

பஸ்ஸில் வரும்போது அவள் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. எனக்குச் சாப்பாடு போட்டாள், தான் சாப்பிடவில்லை. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். இப்போது சுவர் வழியாக உன் குரல் கேட்கிறது. "மறுபடி முதல்லேருந்து பண்றேன்." முடிந்ததும் பின்னுக்கு ஓட்டுகிறாள். திரும்பவும் அதே வரி. அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கப் பயமாக இருக்கிறது. பாவம் என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. கேட்கட்டும். சத்தத்தை அணைத்த தடவைகளுக்கெல்லாம் சேர்த்துக் கேட்கட்டும்.

உன்மேல் இருக்கிற கோபத்தைப் பிறகு எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நேரில் சொல்கிறேன். நீ படிப்பை முடி, முடிக்காமல் போ, பில் போடு, அது உன் இஷ்டம். ஆனால் முடி ஒதுக்கி என்று இனி யாராவது சொன்னால் தலையைக் குனியாதே.

என் முடி நீளமாக வளர்ந்து கண்ணை மறைக்கிறது. வெட்டிக்கொள் என்று அம்மா தினமும் சொல்கிறாள். நான் வெட்டவில்லை. எழுதும்போதுகூட விழுகிறது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பேனா. ஒதுக்கிவிட யாரும் இல்லை. சீக்கிரம் வா.

கண்ணில் முடியோடு,
உன் குட்டி.