ரேவதி எழுதிய வாக்கியம்

வியாழக்கிழமை, இரவு.

போன வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புக்கு ‘டஃப்’ (கடினம்) என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் கணக்குப் பரீட்சை டஃப் என்று எழுதினார்கள். ரேவதி மட்டும், திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கு வருவது டஃப் என்று எழுதியிருந்தாள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தி ‘குட்’ போட்டுக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

நான்கு நாளாக அவள் வரவில்லை. இன்று மாலை நான் வீட்டுக்குப் போகும் ஏரியூர் பஸ்ஸை விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது.

“கட்டட வேலைக்கு பெங்களூர் போயிட்டாங்க டீச்சர். கைக்கொழந்தயப் பாத்துக்க ஆளு வேணும்னு ரேவதியையும் கூட்டிக்கிட்டாங்க” என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

அவரிடமே நம்பர் வாங்கி ரேவதியின் அப்பாவுக்குப் போன் செய்தேன். ரேவதிதான் எடுத்தாள். பின்னால் குழந்தை வீறிட்டு அழுதது.

“எப்பம்மா வருவே?”

“பொங்கலுக்கு வந்துருவோம்னு அப்பா சொன்னாருங்க டீச்சர்.”

போன வருஷம் அவள் அக்காவும் இதையேதான் சொன்னாள். அதன்பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை. அது ரேவதிக்கும் தெரியும்.

“பத்திரமா இரும்மா” என்றேன்.

நாளை தலைமை ஆசிரியரிடம் சொன்னால் எழுதிக் கொடுங்கள் என்பார். அவள் அக்கா நின்றபோதும் எழுதித்தான் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை அவள் அப்பா ஊரில்தான் இருந்தார். போய்ப் பேசியிருக்கலாம்.